இந்தக் கல் ஈட்டி முனையா? கற்கால வேட்டை ஆயுதங்கள் பற்றி நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலம் உழும்போதும் ஏரியில் வண்டல் எடுக்கும்போதும் வித்தியாசமான கற்கள் கிடைப்பது புதிதல்ல. போட்டோ எடுத்து அனுப்பி, "இது கற்கால மனுசன் வேட்டைக்குப் போன ஆயுதம்தானே?" என்று கேட்கிறார்கள். ஆர்வம் நல்லது, அது இல்லாவிட்டால் பாதி இடங்கள் வெளியே தெரிந்தே இருக்காது. ஆனால் ஒரு கல்லை ஆயுதம் என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும் என்பது பலருக்கும் தெரியவில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

வயலில் முக்கோணமாக, கூராக ஒரு கல் கிடைத்தது. அம்பு முனையா?

பெரும்பாலும் இல்லை. நம் மாவட்டங்களில் கல் குவாரியும் ஜல்லி கிரஷரும் இல்லாத பக்கமே குறைவு. கலப்பைக் கொழு, டிராக்டர் சக்கரம், ஜேசிபி பல் எல்லாமே கல்லை உடைக்கும், உடைந்த கல் கூராகத்தான் இருக்கும்.

மனிதக் கை தட்டி எடுத்த செதில் என்றால் சில அடையாளங்கள் இருக்கும். அடி விழுந்த இடம் சின்னதாக, தட்டையாக இருக்கும். அதற்குக் கீழே உள்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பிலிருந்து வளையம் வளையமாக அலை பரவியிருக்கும். மறுபக்கத்தில் அதற்கு முன்னால் கழற்றிய செதில்களின் தழும்பு தெரியும். ஓரத்தைக் கூர்படுத்தச் சின்னச் சின்னதாகக் கொத்தியிருந்தால் அந்தக் கொத்தல் ஏனோதானோ என்று இல்லாமல் ஒரு வரிசையில் போகும். சிக்கிமுக்கிக் கல், செர்ட் மாதிரிக் கற்களில் இது அழகாகத் தெரியும். நம் பக்கம் அதிகம் கிடைக்கும் வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ், இந்த விஷயத்தில் மோசம், கண்டபடி நொறுங்கும், பழகிய கண்ணுக்கே சிரமம்.

இத்தனையும் இருந்தாலும் அது மனிதன் செய்த கருவி என்றுதான் ஆகும். கருவி எல்லாம் ஆயுதம் இல்லை. கூரான முக்கோணக் கல்லை வைத்துத் தோல் கிழிக்கலாம், கறி அரியலாம், மரம் சீவலாம், துளை போடலாம். ஆய்வாளர்கள் 'முனை' என்று பெயர் வைத்த எத்தனையோ கற்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது கத்தியாகப் பயன்பட்டவை என்று தெரிந்தது.

அப்புறம் எதை வைத்துத்தான் ஆயுதம் என்று சொல்கிறார்கள்?

முக்கியமான சாட்சி, உடைந்த விதம். வேகமாகப் போய் எலும்பில் மோதும் கல்முனைக்கு நுனியிலிருந்து அச்சு வழியாக அழுத்தம் வரும். அப்போது நுனி வெறுமனே நொறுங்காது, வளைந்து முறியும். முறிந்த இடத்திலிருந்து செதில் ஒன்று பின்பக்கமாக ஓடி, படிக்கட்டு மாதிரி சட்டென்று நின்றுவிடும். சில சமயம் ஓரத்தை ஒட்டி நீளமாக ஒரு சிலாகை சீவிக்கொண்டு போகும். இவற்றை மோதல் முறிவுகள் என்று சொல்லலாம். டென்மார்க்கில் ஆண்டர்ஸ் ஃபிஷரும் அவருடைய கூட்டாளிகளும் கல்முனை பூட்டிய அம்புகளையும் ஈட்டிகளையும் உண்மையாகவே எய்தும் எறிந்தும் பார்த்து, எந்த முறிவு எப்படி வருகிறது என்று 1984இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் அடிப்படை.

நம் தகடூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி மாலை போட்டுப் புதிதாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லவில்லையா? எது உண்மையில் வேலை செய்தது என்பதை முறிந்த நுனியை வைத்துச் சொல்வது அந்த வாதத்திலேயே இருக்கிறது.

ஆனால் இதிலும் ஏமாறலாம். தென்னாப்பிரிக்காவில் ஜஸ்டின் பார்ஜெட்டர் என்ற ஆய்வாளர் புதிதாகத் தட்டிய கற்களைத் தரையில் பரப்பி மாடுகளையும் மனிதர்களையும் மிதிக்க விட்டுப் பார்த்தார். மோதல் முறிவு போலவே சில முறிவுகள் அதிலும் வந்தன. கல் தட்டும்போதே தவறி உடைவதிலும் வந்தன. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் வந்தன. ஆகவே ஒற்றைக் கல்லை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு இடத்தில் கிடைத்த முனைகளில் எத்தனையில் இந்த முறிவு இருக்கிறது, அது மிதிபட்டு வரக்கூடிய அளவைவிடத் தெளிவாக அதிகமா, நுனிப் பக்கமே குவிந்திருக்கிறதா, அடிப்பக்கத்தில் பிடி பூட்டியதற்கான தேய்மானம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு போட்டோவுக்கு நான் "ஆமாம்" என்று பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

கல்லில் ரத்தம், பிசின் எல்லாம் இத்தனை காலம் ஒட்டியிருக்குமா?

சில இடங்களில் இருக்கிறது. கல்லின் சின்ன விரிசல்களுக்குள்ளே கொழுப்பு, தசைநார், மரப்பிசின், காவிக்கல் பொடி போன்றவற்றின் துணுக்குகள் தங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் குவாஸுலு-நடால் பகுதியில் உள்ள சிபுடு குகையில், காவியும் தாவரப் பிசினும் கலந்த ஒட்டுப்பொருள் கற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் கிடைத்திருக்கிறது. காம்பில் ஒட்டிய பக்கம் அது. சிரியாவில் உம் எல் ட்லெல் என்ற இடத்தில் கல்லைப் பிடியில் ஒட்ட நிலக்கீல் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வாழ்ந்த பழைய மனித இனமான நியாண்டர்தால்கள் பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் படாமல் சுட்டு அதிலிருந்து தார் எடுத்தார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், கிடைத்த கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். கையில் அதிகம் வைத்திருந்தாலே நம் தோலின் எண்ணெய் அதில் ஏறிவிடும்.

அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். அகலத்தையும் தடிமனையும் பெருக்கிப் பாதியாக்கினால் முனையின் குறுக்குவெட்டுப் பரப்பு வரும். ஜான் ஷே 2006இல் கொடுத்த சராசரிகள் பரவலாகப் பயன்படுகின்றன: அம்பு முனைக்குச் சுமார் 33 சதுர மில்லிமீட்டர், எறிகோலால் (ஈட்டியை வேகமாக வீச உதவும் கோல்) வீசும் ஈட்டிக்கு 58, கையால் குத்தும் ஈட்டிக்கு 168. உங்கள் கல் 40 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 200 வரும், அம்பில் கட்டினால் பறக்காது. 12க்கு 4 என்றால் 24, அது அம்புக்குச் சரியான அளவு. ஆனால் அளவு பொருந்துவதால் மட்டும் எதுவும் ஆயுதமாகிவிடாது, 'இருந்திருக்கலாம்' என்ற இடத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

உலகத்திலேயே பழைய வேட்டை ஆயுதம் எது?

மரமா கல்லா என்று பிரித்துக்கொண்டால் பதில் சொல்லலாம்.

மரத்தில், இங்கிலாந்தின் கிளாக்டனில் 1911இல் கிடைத்த ஈட்டி நுனி சுமார் 4 லட்சம் ஆண்டு பழையது. முழு ஈட்டிகள் ஜெர்மனியின் ஷோனிங்கனில், ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், 1990களில் கிடைத்தன. ஹார்ட்முட் தீமே தோண்டி எடுத்தார், கூடவே ஏராளமான குதிரை எலும்புகள். நீண்ட காலம் இவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்றார்கள், 2025இல் வந்த ஆய்வு 2 லட்சம் என்று குறைத்திருக்கிறது. இந்த ஈட்டிகளில் கல்முனையே கிடையாது. மரத்தின் நுனியையே சீவிக் கூராக்கியிருக்கிறார்கள். இதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கல்முனை கிடைக்கவில்லை என்பதால் வேட்டை நடக்கவில்லை என்று ஆகாது.

கல்லில், தென்னாப்பிரிக்காவின் காத்து பான் என்ற இடத்து முனைகள் 5 லட்சம் ஆண்டு பழையவை, ஈட்டியில் பூட்டியவை என்று ஜெய்ன் வில்கின்ஸ் குழு 2012இல் சொன்னது. அதே மாதிரி முனைகளைச் செய்து, அளவான விசையோடு குறுக்குவில்லில் வைத்து மான் உடலில் எய்து, வந்த சேதத்தைப் பழைய முனைகளின் சேதத்தோடு ஒப்பிட்டார்கள். ஆனால் வீர்லே ரோட்ஸும் ஹியூக் பிளிசனும் 2014இல் கடுமையாக மறுத்தார்கள். அந்தச் சேதம் வேறு வழிகளிலும் வந்திருக்கலாம், காட்டிய முறிவுகள் போதுமான சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். என் கணிப்பைக் கேட்டால், மறுப்பில் வலு இருக்கிறது. காத்து பானை 'நிச்சயம்' என்று எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

சந்தேகத்துக்கே இடமில்லாத சான்று வேண்டுமா? உம் எல் ட்லெல்லுக்கே திரும்பப் போகலாம். அங்கே ஒரு காட்டுக் கழுதையின் கழுத்தெலும்பில் கல்முனையின் துண்டு குத்தி உடைந்து அப்படியே சிக்கியிருக்கிறது. வயது 50,000 ஆண்டுக்கு மேல். முனை, முறிவு, இரை மூன்றும் ஒரே இடத்தில். இப்படி ஒன்று கிடைப்பது மிக அபூர்வம்.

ஈட்டியை எறிந்தார்களா, கிட்டே போய்க் குத்தினார்களா?

இரண்டும்தான். ஜெர்மனியின் நொய்மார்க்-நோர்டில் 1,20,000 ஆண்டு பழைய மான் எலும்புகளில் ஈட்டி குத்திய ஓட்டை இருக்கிறது. அதன் வடிவத்தையும் கோணத்தையும் ஆராய்ந்தவர்கள் கிட்டத்திலிருந்து, குறைந்த வேகத்தில், கையால் குத்தியது என்றார்கள். இன்னொரு பக்கம், ஷோனிங்கன் ஈட்டி மாதிரியே செய்து பயிற்சி பெற்ற ஈட்டி எறிதல் வீரர்களிடம் கொடுத்தார் அன்னமீக்கே மில்க்ஸ். 20 மீட்டர் தூரத்து இலக்கை அடித்தார்கள். 2019இல் அது வெளிவரும்வரை மர ஈட்டி பத்து மீட்டருக்கு மேல் உதவாது என்றே பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கல்லிலேயே வேகத்தைப் படிக்கும் முறையும் ஒன்று உண்டு. எரிமலைக் கண்ணாடிக்கல் உடையும்போது விரிசல் ஓடிய வேகத்தைப் பொறுத்து முறிவின் முகத்தில் நுணுக்கமான கோடுகள் விழும். எத்தியோப்பியாவின் கடெமோட்டாவில் 2,79,000 ஆண்டுக்கு முந்தைய முனைகளில் அந்தக் கோடுகளை அளந்து, இவை எறியப்பட்ட ஈட்டிகளின் முனைகள் என்று யோனத்தான் சாலே குழு 2013இல் சொன்னது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஆனால் நம் ஊர்க் கருங்கல்லுக்கும் வெங்கச்சங்கல்லுக்கும் இதைப் பயன்படுத்த முடியாது, கண்ணாடி போன்ற சீரான கல் வேண்டும்.

வில் அம்பு எப்போது வந்தது?

சிபுடு குகையில் சுமார் 64,000 ஆண்டுக்கு முந்தைய மண்ணடுக்கிலிருந்து பிறை வடிவச் சின்னக் கற்கள் கிடைத்தன. அவற்றில் குவார்ட்ஸ் பிறைகள் மிகச் சிறியவை. மார்லிஸ் லோம்பார்ட் அவற்றில் மோதல் முறிவு, பிசின், காவி, விலங்குத் தசைத் துணுக்கு எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து, அளவையும் சேர்த்துப் பார்த்து அம்பு முனை என்றார். இப்போதைக்கு மிக வலுவான பழைய சான்றுகளில் அது ஒன்று.

ஐரோப்பாவில் பிரான்ஸின் மாந்த்ரின் குகையில் 54,000 ஆண்டு பழைய முனைகள், சில ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. அத்தனை சின்னக் கல் மோதல் முறிவோடு இருந்தால் வில்லைத் தவிர வேறு வழி சொல்வது கஷ்டம்.

நமக்குப் பக்கத்தில், இலங்கையின் ஃபா ஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டு முதலான அடுக்குகளில் எலும்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. அங்கே மனிதர்களுக்கு இரையானவை குரங்கும் அணிலும். மரத்தின் உச்சியில் தாவும் குரங்கைக் கிட்டே போய்க் குத்த முடியாது, அதனால் முனைகளில் இருந்த முறிவையும் இரையின் வகையையும் சேர்த்துப் பார்த்து வில் அம்பு என்று 2020இல் வெளியிட்டார்கள். தென்னிந்தியக் காடுகளைப் பற்றி யோசிக்கிற எவரும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் நம் பக்கம் கல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, எலும்பில் செய்தது எல்லாம் மண்ணோடு போயிருக்கும்.

அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய கருவி கிடைத்ததே, அது வேட்டை ஆயுதம் இல்லையா?

அது கைக்கோடாரி, அதாவது காம்பு இல்லாமல் கையிலேயே பிடித்துப் பயன்படுத்தும் பெரிய கல்கருவி. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டுபிடித்தார்கள், அதே ஆண்டில்தான் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கைக்கோடாரியை எடுத்தார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அங்கே அகழாய்வு செய்து, பழைய அடுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். 2018இல், அங்கே 3,85,000 ஆண்டு முன்பே இடைப் பழங்கற்காலத்துக்கு மாறிவிட்டார்கள் என்றார்கள். பெரிய கைக்கோடாரி குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுக் கழற்றும் லெவல்லுவா செதில்களும் முனைகளும் வந்த காலம் அது. ஈட்டியில் பூட்டத் தோதான வடிவங்கள் அப்போதுதான் வருகின்றன.

ஆனால் கைக்கோடாரியைக் காம்பில் பூட்டவில்லை. உலகம் முழுக்கக் கிடைத்த தேய்மானச் சான்று, கறி வெட்டவும் தோல் உரிக்கவும் மரம் சீவவும் என்றே சொல்கிறது. அத்திரம்பாக்கத்தில் சில விலங்குப் பற்களைத் தவிர எலும்பு மிஞ்சவில்லை, அதனால் இரையின் பக்கத்துச் சாட்சி இல்லை.

ஆயுதமே இல்லாமல் இறைச்சி எப்படிக் கிடைத்திருக்கும்?

பெரிய வேட்டை மிருகங்கள் அடித்ததைப் பறிக்கலாம். கென்யாவின் கஞ்சேராவில் 20 லட்சம் ஆண்டு பழைய எலும்புகளில் கல்லால் வெட்டிய தழும்பு இருக்கிறது, சதையுள்ள பாகங்களிலேயே இருக்கிறது. வேறு மிருகம் தின்று மிச்சம் வைத்த எலும்பாக இருந்தால் பல் தடம் முதலில் விழுந்து அதன் மேல் வெட்டுத் தழும்பு வரும். இப்படி எது முதலில் விழுந்தது என்று பார்ப்பார்கள். இன்னொன்று, செனகலில் ஃபொங்கோலி என்ற இடத்துச் சிம்பன்சிகள் குச்சியைப் பல்லால் கூராக்கி, மரப்பொந்தில் தூங்கும் சின்ன விலங்கைக் குத்துகின்றன. 2007இல் அது வெளிவந்தது. கூரான குச்சி கல்முனைக்கு வெகுகாலம் முந்தியது என்று நினைக்க இது ஒரு காரணம்.

சரி, தருமபுரி, கிருஷ்ணகிரியில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பிந்திய காலத்தது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் நுண்கற்கருவிகள், புதிய கற்காலப் பொருட்கள், இரும்புக்காலப் புதைவிடங்கள் எல்லாம் இருக்கின்றன. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது எல்லோருடைய கவனமும் இரும்பின் மேல் போனது. எனக்கென்னவோ அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளுக்கும் அதே அளவு கவனம் கிடைக்க வேண்டும். விரல் நகத்தளவுக் குவார்ட்ஸ் கல்லை வரிசையாகப் பிசினில் பதித்து அம்பும் கத்தியும் செய்வது நுண்கருவிக்காலத்து வழக்கம். சிபுடுவில் செய்த மாதிரி ஒவ்வொரு கல்லையும் நுண்ணோக்கியில் பார்த்து முறிவையும் பிசினையும் தேடுகிற வேலை நம் பக்கத்துக் கற்களுக்கும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

நமக்கு ஒரு இயற்கையான தடையும் உண்டு. நம் வெப்பத்திலும் மழையிலும் செம்மண்ணிலும் மரம் மிஞ்சாது, எலும்பும் சீக்கிரம் கரைந்துவிடும். ஐரோப்பாவில் சுரங்கச் சேற்றுக்குள் ஈட்டி கிடைத்தது போல இங்கே எதிர்பார்க்க முடியாது.

பாறை ஓவியங்கள், நடுகற்கள் பற்றியும் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடிப் பாறை ஓவியத்தில் ஆள் குதிரை மேல் இருக்கிறான், அப்படியானால் பழங்கற்காலமே இல்லை. நம் நடுகற்களில் வில், வாள், உடம்பில் பாய்ந்த அம்பு எல்லாம் தத்ரூபமாக இருக்கும், புலியோடும் பன்றியோடும் போராடிச் செத்தவனுக்கும் கல் எடுத்திருக்கிறார்கள். அருமையான சான்றுதான், ஆனால் வரலாற்றுக் காலத்து இரும்பு ஆயுதத்துக்குச் சான்று. கற்காலத்தோடு கலக்க வேண்டாம்.

மரத்தடியில் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுகிற வழவழப்பான கல்?

அது பல இடங்களில் புதிய கற்காலக் கற்கோடாரியாக இருக்கும். கருங்கல்லைக் கொத்தி, உரசி, மெருகேற்றியது. மரம் வெட்ட, காடு திருத்த. வேட்டைக்கு அது முதன்மை ஆயுதம் இல்லை. கும்பிடுகிற இடத்திலிருந்து யாரும் எடுக்காதீர்கள், அங்கே இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

கல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

எடுக்காதீர்கள், அதுதான் முதலில். கல் தனியாகச் சொல்வது குறைவு. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், பக்கத்தில் என்ன கிடந்தது என்பதில்தான் அதன் வயதே இருக்கிறது. மேலே நான் சொன்ன ஒவ்வொரு ஆண்டுக் கணக்கும் மண்ணடுக்கிலிருந்து வந்தது.

பக்கத்தில் ஒரு பேனாவோ அளவுகோலோ வைத்து, கிடந்தபடியே போட்டோ எடுங்கள், மேலிருந்தும் பக்கவாட்டிலும். செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ, தொல்லியல் துறைக்கோ, குறைந்தது கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். உழவு நடந்துகொண்டிருக்கிறது, விட்டால் உடைந்துவிடும் என்றால் மட்டும் எடுத்து, கழுவாமல், தனித்தனிக் காகிதப் பையில் இடத்தை எழுதி வையுங்கள். ஒரே கவரில் பத்துக் கல்லைப் போட்டு பைக்கில் குலுக்கிக் கொண்டுவந்தால் ஓரமெல்லாம் புதிதாக உடையும், அப்புறம் எது பழைய முறிவு எது இன்றைய முறிவு என்று பிரிப்பது பெரும்பாடு. தோண்டவே தோண்டாதீர்கள். விற்கவும் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளோடு நாங்களே கல்முனை தட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக, இதைவிட நல்ல பாடம் கிடையாது. கண்ணாடி அணியுங்கள், தடித்த துணியைத் தொடையில் போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டாமல் தூசி விலகிப் போகும்படி உட்காருங்கள், முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு, கல் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். வேலை முடிந்ததும் செதில்களை வயலிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள், நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் அதைப் பழைய பட்டறை என்று குறித்துவிடுவார். எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, ஒரு குழியில் போட்டு, இந்த வருடத்து நாணயம் ஒன்றையும் கூடவே போட்டு மூடிவிடுங்கள்.